அண்ணனுக்கு வைத்த விலா எலும்பு

"…கடிக்கதுக்குன்னு வந்தவனுக்குக் கரைச்சு வச்சிருக்கியே, ஏளா, இது எந்த ஊரு நியாயம்?" என்று அண்ணன் கேட்டான். அவன் விரல்களுக்கு நடுவே ஓர் ஆட்டு விலா எலும்பு. அதில் சதை என்று சொல்ல ஒரு நார்கூட இல்லை. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய மாதிரி வெள்ளையாக இருந்தது. மேசையைச் சுற்றி இருந்த நான், என் வீட்டுக்காரர், மதினி மூன்று பேரும் அந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மணி நேரம் வேகவைத்த சமையலுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் யாருக்கும் கோபம் வரும். எனக்குப் பயம்தான் வந்தது. அண்ணன் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அவனை வரவிடாமல் செய்தது என் வாய்தான்.

நாங்கள் இருப்பது ஹைதராபாத் பக்கம் போலாரத்தில். அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி. ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஸ்பெக்டர் என்றதும் லத்தியை நினைக்க வேண்டாம். செய்து வருகிற சாமானை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி வைக்கிற இன்ஸ்பெக்டர். வேலை ஓய்ந்தது, கை ஓயவில்லை. என் ரசத்துக்கும் தோசைக்கும் அவன் வைத்த சிவப்புப் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு புடவைக்கு டிசைன் போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனும் மதினியும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இருபது வருஷப் பழக்கம். கறிக்குழம்பில் விலா எலும்பெல்லாம் அண்ணன் தட்டுக்கே போகும். அவன் எலும்பு தின்கிற அழகை எழுதிக் காட்ட முடியாது. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது எலும்பு பரேடுக்குத் தயாராக இருக்கும். தட்டின் ஓரத்தில் உயரவாரியாக வரிசை கட்டி நிறுத்துவான். கடைசி எலும்பை நிறுத்திவிட்டு, "ம்" என்பான். பச்சைப் புள்ளி.

பிறகு பல் ஆடத் தொடங்கியது. ஒன்று போனது, நாலு போனது, ஒருநாள் மீதியையும் எடுத்துவிட்டு செகந்திராபாத்தில் ஒரு டாக்டரிடம் செட்டுப் பல் கட்டிக்கொண்டு வந்தான். கட்டிய முதல் வாரம், அதே ஞாயிற்றுக்கிழமை, அதே மேசை. "ஏளா, இது ஆடா, அம்பாசிடர் கார் டயரா?" என்று என் கறியைக் கேலி பண்ணிக்கொண்டே ஒரு துண்டைக் கடித்து இழுத்தான். கறி வந்தது. கூடவே மேல் வரிசைப் பல்லும் வந்தது. கறியைக் கவ்வினபடி தட்டில் உட்கார்ந்திருந்தது.

மதினி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். நல்ல மனுஷர்கள் செய்கிற காரியம் அது. நான் என்ன செய்தேன்? "ஐயையோ அண்ணே, ஆடு உன்னைக் கடிச்சிட்டு!" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

அண்ணனும் சிரித்தான். வாயை மூடிக்கொண்டு சிரித்தான். எழுந்து போய்க் கழுவி மாட்டிக்கொண்டு வந்து, மோர் விட்டு நாலு வாய் சாப்பிட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவன் வீட்டிலேயே தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று மதினி சொன்னாள். பெண்டாட்டி முன்னால்கூடச் சாப்பிடுவதில்லை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குப் பல் போகவில்லை, சொல்தான் போய்விட்டது. போன சொல்லைத் திரும்பப் பிடிக்க எங்கள் குடும்பத்தில் ஒரே வழிதான் உண்டு. நாங்கள் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. தப்புச் செய்தவர் கூடுதலாக ஒரு குழம்பு வைப்பார். மற்றவர் தட்டை நீட்டினால் முடிந்தது கதை, நீட்டாவிட்டால் இன்னும் முடியவில்லை. அப்பா அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். நானும் வைத்தேன். ஆட்டுக்கால் சூப் வைத்துத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினேன். கொத்துக்கறியை மாவாக அரைத்துக் கோலா உருட்டி அனுப்பினேன். தூக்கு கழுவித் திரும்பி வரும், கூடவே ஒரு வாக்கியம் வரும்: "நல்லாருந்ததுன்னு சொல்லு."

நல்லாருந்ததாம்! இருபது வருஷமாக என் கையால் தின்றவன், ஒரு குறை சொல்லவில்லை. உப்பு தூக்கல் என்று ஒரு சிவப்புப் புள்ளியாவது வைத்திருந்தால் அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்போதுதான் அந்த ஸ்லோ குக்கர் ஞாபகம் வந்தது. ஐடியில் வேலை பார்க்கிற என் மகன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. கரண்டில் ஓடும், விசில் அடிக்காது, கொதிக்கிற சத்தம்கூடக் கேட்காது. சமையலறையில் ஒரு பாத்திரம் வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. அதனால் அதன் பீங்கான் சட்டியில் இரண்டு வருஷமாக நார்த்தங்காய் ஊறிக்கொண்டிருந்தது. மகன் இங்கே இருந்தபோது அதில் ஒரு தடவை பார்பிக்யூ விலா எலும்பு செய்து கொடுத்தது நினைவிருந்தது. எலும்புகள் வரிசையாக ஒட்டியிருக்கிற அட்டையை வெட்டாமல் முழுசாக, இனிப்பும் புளிப்புமாக ஒரு சாறில் ஊறி, உதட்டால் கடிக்கலாம்போல வெந்திருந்தது. போன் போட்டேன்.

"அம்மா, லோ-ல வை. எட்டு மணி நேரம். மூடியத் தொறக்காத," என்றான்.

"உப்புப் பாக்க வேண்டாமா?"

"வேண்டாம். ஒரு தடவை தொறந்தா அரை மணி நேரம் வேஸ்ட். அம்மா, ப்ளீஸ். உன்னால முடியும்."

கடைசி வாக்கியத்தை அவன் சொன்ன விதத்திலேயே முடியாது என்பது தெரிந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, ஞாயித்துக்கிழமை விலா எலும்பு. வெட்டாம, முழுசா. கையில பிடிச்சுத் தின்னணும்."

 "வாரேன்," என்றான். மனசு மாறுவதற்குள் போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை கறிக்கடைக்குப் போனேன். விலா எலும்பை இங்கே சாம்ப் என்பார்கள். துண்டு போடாமல் அட்டையாகக் கேட்டதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "கைக்கு மா? காட்னா நக்கோ?" ஏன், வெட்ட வேண்டாமா என்று ஒரு கசாப்புக்காரர் கேட்கும்போது அதில் ஒரு தொழில் வருத்தம் இருக்கும். பல்லில்லாத அண்ணனுக்கு என்று சொன்னேன். அவர் முகம் இளகிவிட்டது. உள்ளே போய், கறியை இளக்குவதற்கென்று கபாப் வாங்குகிறவர்களுக்காக வைத்திருக்கிற பச்சைப் பப்பாளி விழுதை ஒரு கை அள்ளி வந்து, கேட்காமலே அட்டை முழுக்கப் பூசினார். "ஹல்லு ஹல்லு பகாவ் மா," என்றார். ஹல்லு என்றால் மெதுவாக, பகாவ் என்றால் சமை. எங்கள் திருநெல்வேலியில் பைய என்போம். பையத் தின்றால் பனையையும் தின்னலாம்.

வீட்டுக்கு வந்ததும் மாடி வீட்டுத் தெலுங்கு அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், "நிதானமே பிரதானம்," என்று சொல்லி, தன் மரத்திலிருந்து ஒரு பச்சைப் பப்பாளியைப் பறித்துக் கொடுத்தார். மூன்று பாஷையும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது தெய்வவாக்குதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர்தான் பூசியாயிற்றே, நீ எதற்குப் பூசினாய் என்று கேட்கலாம். அவர் பூசியது அவர் மனசுக்கு. என் அண்ணனுக்கு நான் பூசாவிட்டால் எப்படி? எங்கள் வீட்டில் ஒருவர் போட்ட உப்பை இன்னொருவர் நம்புகிற வழக்கம் கிடையாது. பப்பாளியைத் தோலோடு அரைத்து, எலும்பு இடுக்கெல்லாம் விரல் விட்டுத் தேய்த்து, ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

சாயங்காலம் மதினி எட்டிப் பார்க்க வந்தாள். அவளை உட்காரவைத்துவிட்டு நான் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் நாலு துண்டு கரி வாங்கப் போனேன். இந்த ஊரில் கறிக்குப் புகைமணம் ஏற்ற ஒரு வழி உண்டு: கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கனன்ற கரியைப் போட்டு, நெய் ஒரு சொட்டு விட்டு, சட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். துங்கார் என்பார்கள். திரும்பி வந்தபோது மதினி கை கழுவிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. 

ஞாயிறு காலை ஐந்து மணிக்குச் சட்டியில் ஏற்றினேன். கருப்பட்டி, தக்காளி, பூண்டு, மிளகாய் வற்றல், வினிகர், கொஞ்சம் மிளகு எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய சாறை ஊற்றி, குமிழை லோவில் திருப்பினேன். நார்த்தங்காய் வாசம் சட்டியை விட்டு முழுசாகப் போகவில்லைதான். அதுவும் ஒரு புளிப்பு என்று விட்டுவிட்டேன்.

பிறகு மூடிக்குக் காவல். மூடி கண்ணாடி. உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. பெட்டியில் வைத்த பாம்பை நினைத்துப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து மூடியில் கை வைத்தார்.

"தொடாதீங்க!"

"கரண்டு வருதான்னு பாத்தேன்."

"கரண்டைப் பாக்கவா மூக்கை நீட்டுதீங்க?"

எட்டரைக்குத் திரும்ப வந்தார். பத்துக்கு நான் குளிக்கப் போன நேரத்தில் திறந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியில் ஆவி அப்படியே நின்றது. "பாக்காம சமைக்கது கண்ணைக் கட்டிக்கிட்டுத் தாலி கட்டுத மாதிரி," என்று சமாளித்தார். முப்பது வருஷத்துக்கு முன் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் கட்டினாரா என்று கேட்க நேரமில்லை. நல்ல வாசனை வரத் தொடங்கியிருந்தது.

பன்னிரண்டரைக்குக் கரியைக் கனலவைத்துக்கொண்டு மூடியைத் திறந்தேன்.

எலும்புகள் மிதந்தன. அட்டையைக் காணோம், கறியைக் காணோம். செந்நிறமாக, பளபளவென்று, கரண்டி போட்டால் கரண்டி நிற்கிற கூழ் ஒன்று இருந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு எலும்பு, ஏரியில் விட்ட கட்டுமரம் மாதிரி அங்குமிங்கும் கிடந்தன. ஒன்றைத் தூக்கினேன். சுத்தமாக வந்தது.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஹைதராபாத்தில் முப்பது வருஷம் இருந்து, நோன்பு மாதத்தில் விற்கிற கறிக்கூழைத் தின்று பழகியவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "ஹலீம்," என்றார். "ரம்ஜானுக்கு இன்னும் நாள் கிடக்கே."

ருசி மோசமில்லை. சொல்லப்போனால் நான் வைத்ததிலேயே நல்ல ருசி அதுதான். ஆனால் நான் கூப்பிட்டது எலும்புக்கு. அண்ணன் வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? உனக்குப் பல்லில்லை, ஆகையால் பிள்ளைக்குக் குழைக்கிற மாதிரி குழைத்து வைத்திருக்கிறேன், வாயைத் திற. சிரித்ததற்கு மேல் இன்னொரு சிரிப்பு. வேறு கறி வாங்க நேரமில்லை. கரியை வைத்துப் புகை போட்டேன். கண் எரிந்தது, அதற்குப் புகைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக ஒரு மணிக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை, வாயில் செட்டுப் பல் பளிச்சென்று. ஆடிட்டுக்கு வந்த அதிகாரி மாதிரி மேசையில் உட்கார்ந்து, இரண்டு கையின் சட்டை மடிப்பையும் முழங்கை வரை ஏற்றினான். நான் பெரிய தாம்பாளத்தில் கூழைப் பரப்பி, எலும்புகளை மேலே அடுக்கிக் கொண்டுவந்து வைத்தேன். அடுக்கினால் அட்டை மாதிரி தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

அண்ணன் ஒரு எலும்பைப் பிடித்தான். வாயருகே கொண்டுபோனான். நிறுத்தினான். திருப்பிப் பார்த்தான். மறுபக்கமும் பார்த்தான். அதற்குப் பிறகு கேட்டதுதான் முதலில் சொன்ன அந்தக் கேள்வி.

"இல்லண்ணே… மெத்துன்னு இருக்கட்டும்னு…" என்றேன்.

"மெத்துன்னு இருக்கட்டுமா? மெத்தையா கேட்டேன்?"

மதினி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒங்கண்ணன் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன செய்தாகன்னு நினைச்ச? கோவிச்சிட்டு இருக்காகன்னுதான் நானும் நினைச்சேன். மொதல்ல வாழைப்பழம். பொறவு சப்பாத்தி. போன மாசம் வெள்ளரிக்கா. இந்த வாரம் பூரா உள்ளருந்து நறுக் நறுக்குன்னு ஒரே சத்தம். நேத்து ராத்திரி என்னன்னு எட்டிப் பாத்தா, கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டுக் கேரட்டு."

"ஏ, அதை எதுக்குச் சொல்லுத?" என்றான் அண்ணன்.

"சொல்லத்தான் செய்வேன். அது முடிஞ்சு முறுக்கு. ஒரு முறுக்கு முழுசாத் தின்னுட்டாக, பல்லு அசையல. அதான் இன்னைக்கு வந்திருக்காக."

நான் அண்ணனைப் பார்த்தேன். நாலு மாதம். என் மேசைக்கு வந்து என் கண்முன் ஓர் எலும்பைக் கடிக்க வேண்டும் என்பதற்காக, ஒரு மனுஷன் கண்ணாடி முன்னால் நின்று கேரட் கடித்திருக்கிறான். நானோ, கடிக்கவே தேவையில்லாமல் ஆக்கி வைத்திருக்கிறேன்.

"கடைக்காரர் பப்பாளி பூசினார்ண்ணே," என்றேன். "அது மேல நானும் பூசினேன்."

"ரெண்டு பூச்சுக்கு இப்படி ஆகாதே," என்றான் அண்ணன். இன்ஸ்பெக்டர் குரல்.

மதினி தலையைக் குனிந்தாள். "நேத்து இவ கரி வாங்கப் போனப்ப… ஃப்ரிட்ஜைத் தொறந்தேன். கிண்ணத்துல விழுது மிச்சம் இருந்தது. ஒங்களுக்குத் தோதா இருக்கட்டுமேன்னு…"

"நீயுமா!" என்றான் அண்ணன்.

"நான் மூடியத்தான் தொறந்தேன்," என்றார் என் வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே. "ரெண்டு தடவை."

அண்ணன் எலும்பைத் தட்டில் வைத்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அது எழுந்து போகிறவன் சத்தம், எனக்குத் தெரியும். எனக்கு ஊருக்கெல்லாம் பழமொழி வரும். ஆட்டோக்காரர் சொன்னது, பால்காரர் சொன்னது, மாடி வீட்டம்மா சொன்னது என்று வாயில் நிற்காது. அந்த நிமிஷத்தில் ஒன்றும் வரவில்லை.

"அண்ணே," என்றேன். "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

 எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கும் தெரியவில்லை. என்னைப் பார்த்தான், தாம்பாளத்தைப் பார்த்தான். ஒரு விரலால் கூழைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"நார்த்தங்கா வாசம் அடிக்கி," என்றான். "உப்பு ஒரு கல்லு கூட. கருப்பட்டி போட்டவன் கைய ஒடிக்கணும்."

மூன்று சிவப்புப் புள்ளி. எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அவன் தாம்பாளத்திலிருந்து எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்தான். கடிக்காத, கடிக்க ஒன்றுமில்லாத அந்த எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் உயரவாரியாக நிறுத்தினான். கோணலாக நின்ற ஒன்றை விரலால் நேராக்கினான். வரிசை முடிந்ததும் எங்கள் மூன்று பேர் முன்னாலும் வாயில் கைவிட்டு, மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி, வரிசையின் கடைசியில், எல்லா எலும்பும் பார்க்கிற திசையைப் பார்த்து நிற்கும்படி வைத்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தட்டை என் பக்கம் நீட்டினான்.